வசனமும் வேதாகமமும்



ஒரு நூலைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். அது கிறிஸ்தவர்களின் வேதாகமம். விவிலியம் என்றும் பைபிள் என்றும் அதனை வழங்குவர். சமயப் பிரசாரம் செய்வது என் நோக்கமன்று. அதற்குரிய இடமும் இதுவன்று. முப்பத்தைந்து ஆண்டுக் காலம் ஆசிரியத் தொழில் புரிந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில், ஒரு நூல் மக்களிடையே எவ்வாறு வேரூன்றுகிறது, பின்னர்க் கையில் இருந்துகொண்டே கருத்திலிருந்து எவ்வாறு நழுவிப் போகிறது என்பதையே சொல்லப் போகிறேன். நான் பிறந்து வளர்ந்த செங்கற்பட்டுப் பக்கத்துக் கிறிஸ்தவ சபைகளில் இதனைக் கண்கூடாகக் காண்கிறேன். திருக்குறளைப் பற்றியும், தேவாரத்தைப் பற்றியும், குர்ஆனைப் பற்றியும் இதே கவலை கொண்ட பெரியவர்கள் உங்கள் வீடுகளிலும் இருக்கக் கூடும்.

முதலில் நிலைமையைச் சொல்லிவிடுகிறேன். நான் ஓய்வு பெற்றபின், அண்டையிலுள்ள சில சபைகளில் ஞாயிறு பள்ளித் தேர்வுக்கு வினாத்தாள் அமைத்துத் தருமாறு கேட்பதுண்டு. பழைய தலைமையாசிரியர் சும்மா இருக்கிறார் என்ற எண்ணம் போலும்! வேதாகமத்தில் மிக நீண்ட காலம் வாழ்ந்தவர் யார் என்று கேட்டால், மெத்தூசலா, 969 ஆண்டுகள் என்று ஐந்து வயதுக் குழந்தையும் சொல்கிறது. மிக நீண்ட அதிகாரம் எது என்றால், 119-ஆம் சங்கீதம், 176 வசனங்கள் என்று ஒரே குரலில் விடை வருகிறது. வினாடி வினாவுக்குப் பழகிய பிள்ளைகள். ஆனால் யோனா ஏன் ஓடினான் என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளும் பெற்றோரும் மீனைப் பற்றியே பேசுவார்கள். மீன் அந்தக் கதையில் நடுவில் வந்து போகும் ஒரு பாத்திரம். பகைவரின் நகரமாகிய நினிவேயைக் கடவுள் மன்னித்துவிடுவாரே என்று அஞ்சியே யோனா ஓடினான். மன்னித்தபின் கோபித்துக்கொண்டு நகருக்கு வெளியே போய் உட்கார்ந்தான். கதையின் உயிர் நான்காம் அதிகாரத்தில் இருக்கிறது. பெரும்பாலோர் இரண்டாம் அதிகாரத்தோடு கரையேறி விடுகிறார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். டிசம்பர் 31-ஆம் நாள் நள்ளிரவில் தமிழ்க் கிறிஸ்தவ ஆலயங்களில் ஆராதனை நடப்பதை நீங்கள் அறிவீர்கள். அப்போது பல சபைகளில் வாக்குத்தத்த அட்டை என்று ஒன்று தருவார்கள். ஓர் அழகிய படமும் அதன்மேல் ஒரு வசனமும் இருக்கும். புத்தாண்டு முழுவதற்கும் அதுவே தமக்குரிய வாக்கு என்று கொண்டுபோய்ச் சுவரில் ஒட்டுவார்கள். அவ்வகை அட்டைகளிலும் நாட்காட்டிகளிலும் நான் அடிக்கடி கண்டது எரேமியா 29-ஆம் அதிகாரத்தின் 11-ஆம் வசனம். கடவுள் தம் மக்களைக் குறித்து நினைப்பது தீமைக்கன்று, நன்மைக்கே என்பது அதன் கருத்து. நல்ல வசனந்தான். தேர்வு எழுதும் மாணவனுக்கும், கடன்பட்ட தந்தைக்கும் ஆறுதல் தரக்கூடியது.

ஆயினும் அது யாருக்கு, எப்போது எழுதப்பட்டது? எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறையாகக் கொண்டுபோகப்பட்ட மக்களுக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் வரும் வரி அது. அந்தக் கடிதத்தை முழுவதும் படித்தவர் திடுக்கிடுவர். அந்நிய நாட்டிலேயே வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்கு மணம் முடியுங்கள், உங்களைச் சிறைப்படுத்திய அந்த நகரத்தின் நலத்தையே நாடுங்கள் என்கிறார். திரும்பி வர எழுபது ஆண்டு செல்லும் என்கிறார். எழுபது ஆண்டு என்றால், அக்கடிதத்தைக் கையில் வாங்கியவருள் பலர் ஊர் திரும்பப் போவதில்லை என்பது பொருள். விடிவு விரைவில் வரும் என்று இனிக்க இனிக்கச் சொல்பவர்களை நம்பி ஏமாறாதீர்கள் என்ற எச்சரிக்கையும் அதே அதிகாரத்தில், இரண்டு மூன்று வசனங்களுக்கு முன்னாலேயே இருக்கிறது. எச்சரிக்கையை விட்டுவிட்டு ஆறுதலை மட்டும் கத்தரித்து எடுத்து அட்டையில் அச்சிட்டுக்கொள்கிறோம்! சபையில் இதைச் சொன்னபோது ஒரு பெரியவர், “ஐயா, எங்கள் ஆறுதலையும் கெடுத்து விடாதீர்கள்” என்றார். எழுபது ஆண்டு பொறுத்திருக்கும் வலிமையைத் தரும் ஆறுதல், ஓர் ஆண்டில் கிழித்துப் போடும் அட்டையின் ஆறுதலைவிடப் பெரிது என்று அவருக்கு நான் சொன்னேன். அவர் ஒப்புக்கொண்டாரா என்பது வேறு செய்தி.

இந்த நூல் தமிழுக்கு வந்த வழியைச் சற்றுப் பார்ப்போம். 1706-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு என்ற ஜெர்மானிய இளைஞர், திண்ணைப் பள்ளிக்கூடத்துச் சிறுவர்களோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் அரிச்சுவடி கற்றார். ஆசிரியத் தொழிலில் இருந்த எனக்கு அந்தக் காட்சியை நினைக்குந்தோறும் மகிழ்ச்சி. அவர் மொழிபெயர்த்த புதிய ஏற்பாடு 1715-இல் தரங்கம்பாடியில் அச்சிட்டு முடிந்தது. இந்திய மொழியொன்றில் அச்சேறிய முதற் புதிய ஏற்பாடு அதுவே. அதன்பின் சென்னை வேப்பேரியில் இருந்த பப்ரிசியுஸ், புதுச்சேரியை ஆங்கிலேயர் பிடித்தபோது 1761-இல் கிடைத்த அச்சுப்பொறியைக் கொண்டு நூல்களை வெளியிட்டார். அவருடைய புதிய ஏற்பாடு 1772-இல் வந்தது. யாழ்ப்பாணத்தில் பெர்சிவல் பாதிரியார் செய்வித்த மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. இன்று சீர்திருத்தச் சபைகளில் பெரும்பான்மையோர் கையில் இருப்பது 1871-இல் வெளியான, பவர் ஐயர் தலைமையில் உருவான மொழிபெயர்ப்பு.

பெர்சிவலுக்குத் துணைநின்று அந்த மொழிபெயர்ப்பில் உழைத்தவர் யார் தெரியுமா? ஆறுமுக நாவலர்! தம் சமயத்தில் அணுவளவும் பிசகாத சைவர். வேதாகமத்தை வரிக்கு வரி தமிழாக்கியவர், பின்னர்ப் பாதிரிமாரை எதிர்த்து 1854-இல் ‘சைவ தூஷண பரிகாரம்’ எழுதியபோது அந்த அறிவையே ஆயுதமாகக் கொண்டார். சைவர்களின் ஆலய வழிபாட்டைப் பழித்தவர்களுக்கு, உங்கள் வேதத்திலேயே ஆலயமும் விளக்கும் தூபமும் பலியும் அபிஷேக எண்ணெயும் இருக்கின்றனவே என்று இடஞ்சுட்டிக் காட்டினார். அவரோடு உடன்படுவதும் மறுப்பதும் அவரவர் உரிமை. ஆனால் அவருக்கு விடை சொல்ல வேண்டுமானால் யாத்திராகமத்தையும் லேவியராகமத்தையும் அவர் அளவுக்குப் படித்திருக்க வேண்டும். எதிர்ப்பவர் அவ்வளவு படித்திருக்க, ஏற்றுக்கொண்டவர் படியாதிருப்பது எப்படித் தகும்?

செங்கற்பட்டுக்கு வருகிறேன். 1837-இல் சென்னைக்கு வந்த ஸ்காட்லாந்து நாட்டவரான ஜான் ஆண்டர்சன் வளர்த்த பள்ளிதான் பிற்காலத்தில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியாயிற்று. அக்கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அந்த ஸ்காட்லாந்து மிஷனின் கிளைப் பள்ளிகள் காஞ்சிபுரத்திலும் செங்கற்பட்டிலும் ஏற்பட்டன. நகரத்துப் பள்ளிகளில் மேல்சாதி மாணவர்கள் வேத பாடத்தையும் ஆங்கிலத்தையும் ஒருசேரக் கற்றார்கள். அது ஒரு வரலாறு. சேரிகளில் நடந்தது வேறொரு வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இம்மாவட்டத்துச் சேரி மக்களின் நிலை எத்தகையது என்பதை அப்போது செங்கற்பட்டுக் கலெக்டராயிருந்த டிரெமன்ஹீர் 1891-இல் எழுதிய அறிக்கை எடுத்துரைத்தது. குடியிருக்கும் மனையும் தமக்கென்று இல்லாமல், பண்ணையில் அடிமைக்கு ஒப்பாக உழைத்தவர்கள். அவர்களுக்கு நிலம் வழங்க வழி செய்த அரசாணை 1892 செப்டம்பர் 30-இல் பிறந்தது. பஞ்சமி நிலம் என்று நீங்கள் செய்தித்தாளில் படிப்பது அதுதான். செங்கற்பட்டில் இருந்த ஆடம் ஆண்ட்ரூ என்ற மிஷனரியும் இவ்வுரிமைக்காக வாதாடியவர்களுள் ஒருவர். சிங்கப்பெருமாள் கோயிலுக்கு அண்மையிலுள்ள மெல்ரோசாபுரம் அவர் அமைத்த குடியேற்றம். நிலமும் எழுத்தும் ஒன்றையொன்று தேடின. எழுத்தறியாதவன் கையிலிருந்து பட்டா எளிதில் கைமாறிவிடும் அல்லவா? அந்த எழுத்தைக் கற்பித்த வாசகப் புத்தகம், பல சேரிகளில், வேதாகமமே.

எழுத்துக் கூடக் கைவராத பெரியவர்களும் அந்நூலை அறிந்திருந்தார்கள். என் பாட்டி கட்டைவிரல் ரேகை வைப்பவர். ஆனால் தாவீதின் கதையைச் சவுலில் தொடங்கி அப்சலோமின் சாவு வரை, நடவு நட்டுக்கொண்டே சொல்லி முடிப்பார். எப்படிக் கற்றார்? எங்கள் ஊருக்கு உபதேசியார் ஒருவர் இருந்தார். மாலையில் அரிக்கேன் விளக்கை வைத்துக்கொண்டு ஓர் அதிகாரத்தைப் படிப்பார். கேட்டவர்கள் அதைத் தம் சொல்லில் திருப்பிச் சொல்ல வேண்டும். தவறினால் அடுத்தவர் திருத்துவார். மறுநாள் உட்கார்ந்தவுடன், “நேற்று எங்கே விட்டோம்?” என்ற கேள்வி முதலில் வரும். அதற்கு விடை வராமல் அடுத்த அதிகாரம் தொடங்காது. பிற்காலத்தில் ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில், தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போக வேண்டும் என்று எனக்கு விரிவுரை செய்தார்கள். அந்த உபதேசியார் எந்தப் பயிற்சியும் பெறாமல் அதைத்தான் செய்தார்.

இது கிறிஸ்தவர்க்கே உரிய முறையும் அன்று. செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்களில் திரௌபதி அம்மன் விழா நடக்கும்போது, பகலில் பாரதப் பிரசங்கியார் வில்லிபாரதத்தைப் படித்துப் பொருள் சொல்வதையும், இரவில் அதே பகுதி கூத்தாக நடப்பதையும் உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். அர்ச்சுனன் தபசு நாளன்று வேடமிட்டவர் உயர்ந்த தபசு மரத்தில் படிப்படியாக ஏறும்போது கூட்டமே அண்ணாந்து நிற்கும். அந்தக் கூட்டத்தில் நின்ற ஓர் உழவரை மாமல்லபுரத்துக்கு அழைத்துச் சென்று, அங்குள்ள பெரும் பாறைச் சிற்பத்தின்முன் நிறுத்துங்கள். ஒற்றைக் காலில் நின்று தவம் புரிபவனை அவர் அர்ச்சுனன் என்பார். பகீரதன் என்று சொல்லும் அறிஞர்களும் உண்டு. கீழே கைகளை உயர்த்தித் தவக்கோலத்தில் நிற்கும் பூனையையும் அதைச் சுற்றியுள்ள எலிகளையும் கண்டால் அவர் சிரிப்பார். தவசியாக நடித்து எலிகளைத் தின்ற பூனையின் கதை பாரதத்தில் இருக்கிறது என்பதை அறிந்தவர் சிரிக்கிறார். அறியாதவர் பூனையோடு நிழற்படம் எடுத்துக்கொண்டு போகிறார். கல் இருவருக்கும் ஒன்றே.

கோவளம் முதலிய கடற்கரை ஊர்களில் உள்ள கத்தோலிக்கர் கதை சற்று வேறுபட்டது. கோவளத்துக் கார்மேல் அன்னை ஆலயம் 1808-இல் எழுந்தது. 1960-களில் நிகழ்ந்த மாற்றம் வரையில் அவர்களுடைய பூசை இலத்தீன் மொழியில் நடந்தது. வீடுகளில் வேதாகமம் இருப்பதும் அரிது. எனினும் ஞானோபதேசம் வழியாகவும், தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஊர்கள் பலவற்றில் நடந்த வாசகப்பா, பாஸ்கா நாடகங்கள் வழியாகவும் கதைகளை அறிந்திருந்தார்கள். இப்போது பூசையிலேயே தமிழில் வாசகங்கள் மூன்றாண்டுச் சுழற்சியில் வருகின்றன. வாய்ப்பு பெருகியிருக்கிறது. கேட்பவர் பெருகினாரா என்று அவர்களே சொல்ல வேண்டும்.

இனி, இந்தக் கேள்விப் பழக்கம் ஏன் குறைந்தது? கைப்பேசியே காரணம் என்று எல்லாப் பழியையும் அதன்மேல் போடுவது எளிது. நான் அதற்கு உடன்படேன். கைப்பேசி வருவதற்கு முன்பே இந்தச் சரிவு தொடங்கிவிட்டது. முன்னாளில் மிஷன் பள்ளியில் நாள்தோறும் வேத பாட வகுப்பு இருந்தது. நம் அரசியலமைப்பின் 28-ஆம் பிரிவு, அரசின் அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில் எவரையும் அவர் இசைவின்றிச் சமய போதனைக்கு உட்படுத்தலாகாது என்கிறது; சிறுவராயின் பெற்றோர் இசைவு வேண்டும். நேர்மையான விதி அது. பிறர் பிள்ளைக்கு அவர் விரும்பாத வேதத்தைப் புகட்ட நமக்கு உரிமை இல்லை. ஆனால் அதன் விளைவை நம் பெற்றோர் எண்ணிப் பார்க்கவில்லை. பள்ளி சொல்லிக் கொடுக்கும் என்று வீடு விட்டுவிட்டது. பள்ளியில் அந்த மணி சுருங்கியபோது, ஞாயிறு பள்ளி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்தாம் வகுப்புத் தனிப்பயிற்சி வந்தபோது, போதகர் பிரசங்கத்தில் சொல்வார் என்றார்கள். போதகரோ நான்கு ஊர்களுக்கு ஒருவராக ஓடிக்கொண்டிருக்கிறார்.

மொழிச் சிக்கல் இன்னும் ஆழமானது. 1871-ஆம் ஆண்டின் தமிழ் இன்றைய மாணவனுக்கு எட்டாது. ‘நியாயப்பிரமாணம்’ என்றால் என்ன என்று ஒரு கல்லூரி மாணவரைக் கேட்டேன். நீதிமன்றத்தில் செய்யும் சத்தியம் என்றார்! மோசேயின் சட்டம் என்ற பொருள் அவருக்கு எப்படித் தெரியும்? பிரமாணம் என்றால் இன்று பதவிப் பிரமாணந்தானே! எளிய தமிழில் புதிய மொழிபெயர்ப்புகள் இல்லாமல் இல்லை. கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து செய்த பொது மொழிபெயர்ப்பு 1995-இல் வெளிவந்தது. ஆனால் பழைய சொற்களின் ஓசையில் ஊறிய முதியோர், புதியதைக் கையில் எடுத்தால் தம் தாய்வீட்டை விட்டுப் போவதுபோல் உணர்கிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் படிப்பதுதான் வழி என்பது என் கருத்து. ஆங்கிலவழிப் பள்ளியில் பயிலும் பிள்ளைகளுக்கோ தமிழ் எழுத்தே தடுமாற்றம். தமிழ்ப் பாட்டை ஆங்கில எழுத்தில் எழுதித் திரையில் காட்டும் ஆலயங்களைப் பார்க்கிறேன். மணலில் விரல் வைத்துத் தமிழ் கற்ற அந்த அந்நியர் இதைக் கண்டால் என்ன நினைப்பாரோ!

இதனால் என்ன குறைந்துவிடும் என்று கேட்பீர்கள். ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். கடல் பொங்கி வந்து நம் கடற்கரை ஊர்களை வாரிச் சென்ற நாள். மாமல்லபுரத்துக்கு வடக்கே ஒரு பள்ளிக்கூடத்தில் குப்பங்களிலிருந்து ஓடிவந்தவர்களைத் தங்க வைத்திருந்தார்கள். இந்துக்கள் மிகுதி, கிறிஸ்தவர்களும் இருந்தார்கள். நானும் ஆசிரியர் சிலரும் அரிசி, துணி கணக்குப் பார்க்கும் வேலையில் இருந்தோம். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ, வெளியூரிலிருந்து ஒருவர் வந்தார். கையில் வேதாகமம். எந்தச் சபை என்று நான் கேட்கவில்லை. ஜலப்பிரளயத்தைப் பற்றிய வசனங்களைப் படித்து, மக்களின் பாவத்துக்காகவே கடல் எழும்பிற்று என்று பேசத் தொடங்கினார். எதிரில் ஒரு தாய் உட்கார்ந்திருந்தாள். இரண்டு குழந்தைகளில் ஒன்றுதான் அவள் மடியில் இருந்தது.

சமையல் செய்ய உள்நாட்டுச் சபை ஒன்றிலிருந்து வந்திருந்த மூதாட்டி ஒருவர் அடுப்படியிலிருந்து எழுந்து வந்தார். கரண்டியைக் கையிலேயே வைத்திருந்தார். “தம்பி, சீலோவாம்ல கோபுரம் இடிஞ்சி விழுந்து பதினெட்டுப் பேரு செத்தாங்களே, அவங்க ஊர்ல இருந்த மத்த எல்லாரையும் விடப் பாவிங்களா? இயேசு என்னா சொன்னாரு, ஆமான்னாரா, இல்லைன்னாரா?” என்று கேட்டார். வந்தவருக்கு விடை தெரியவில்லை. கையிலிருந்த நூலில் அது எங்கே இருக்கிறது என்பதும் தெரியவில்லை. “யோபுகிட்ட அவன் கூட்டாளிங்க வந்து சொன்னதத்தான் நீ சொல்ற. கடைசில ஆண்டவரு யார் மேல கோவப்பட்டாரு? போய்ப் படிச்சிட்டு வா. சாப்பிட்டுட்டே போ” என்றார். அந்த மூதாட்டிக்கு எழுத்து வாசனை சிறிதுதான் என்று பிறகு அறிந்தேன்.

அவர் சொன்னது லூக்கா 13-ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. நேர்மையாகச் சொல்வதானால், அவ்விடத்தில் மனந்திரும்புங்கள் என்ற கண்டிப்பும் உண்டு. ஆனால் அது உயிரோடு இருந்து கேள்வி கேட்டவர்களை நோக்கியது. மாண்டவர்களைக் குறித்துச் சொன்னதன்று. அந்த வேறுபாட்டை அறிய முழுப் பகுதியும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வசனத்தால் அடிக்க வருபவனை, அந்நூல் முழுவதையும் அறிந்தவர்தாம் தடுக்க முடியும். வேதாகமம் அறியாத சபை எவன் எதைச் சொன்னாலும் தலையசைக்கும். நோய்க்கு மருந்து வேண்டாம் என்பவனுக்கும் ஒரு வசனம் கிடைக்கிறது. காணிக்கை கொடுத்தால் கடன் தீரும் என்பவனுக்கும் ஒரு வசனம் கிடைக்கிறது. என் மனத்தை வருத்துவது இதுதான். நூலறிவு குறைந்தால் பக்தி குறையும் என்று அஞ்சுபவர் இருக்கிறார்கள். எனக்கு அந்த அச்சம் இல்லை. பக்தி பெருகியே இருக்கிறது. காவல் இல்லாமல் பெருகியிருக்கிறது.

வசனம் என்கிறோமே, அந்த எண்களை மூல ஆசிரியர் எவரும் இடவில்லை என்பதை மாணவர்கள் அறிய வேண்டும். நூல்களை இன்றைய அதிகாரங்களாகப் பிரித்தவர் பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்டீபன் லாங்டன் என்பர். புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்களை இட்டு 1551-இல் வெளியிட்டவர் ராபர்ட் எஸ்தியேன் என்ற பிரெஞ்சு அச்சாளர். தேடி எடுப்பதற்கு வசதியாகச் செய்த ஏற்பாடு, பிய்த்து எடுப்பதற்கும் வசதியாகிவிட்டது. பவுல் எழுதியது கடிதம். உங்கள் தந்தை எழுதிய கடிதத்தில் நடுவிலுள்ள ஒரு வரியை மட்டும் படித்துவிட்டு மடித்து வைப்பீர்களா?

சீர்திருத்தச் சபைகளின் வேதாகமத்தில் 66 நூல்கள், 1,189 அதிகாரங்கள். கத்தோலிக்க விவிலியத்தில் 73 நூல்கள். நாளொன்றுக்கு மூன்று நான்கு அதிகாரம் படித்தால் ஓராண்டில் முடியும் என்று கணக்குக் காட்டுவார்கள். நான் அந்தக் கணக்கைப் பிள்ளைகளிடம் சொல்வதில்லை. ஜனவரியில் ஆதியாகமத்தில் தொடங்கிப் பிப்ரவரியில் லேவியராகமத்தில் நின்றுவிட்டவர்களின் கூட்டம் பெரிது. சிறு நூலொன்றை எடுத்து ஒரே அமர்வில் உரக்கப் படியுங்கள் என்பேன். யோனாவுக்குக் கால் மணி போதும். ரூத் நான்கே அதிகாரம். மாற்கு பதினாறு அதிகாரம். ஒரு திரைப்படம் பார்க்கும் நேரத்தில் முடிந்துவிடும். முறை வைத்து ஆளுக்கு ஓர் அதிகாரம் படிக்கலாம். படித்தபின் பிரசங்கம் வேண்டாம்; கேள்வி கேட்க விடுங்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு சிற்றூரில் சனிக்கிழமை மாலைகளில் இப்படிப் படிக்கிறார்கள். இருபது பேர் வருவார்கள். பாதிப் பேர் பிள்ளைகள், மீதிப் பேர் கிழவிகள். நடுவயதினருக்கு நேரம் கிடைப்பதில்லை. அண்மையில் ரூத் நூலை எடுத்தோம். பஞ்சம் பிழைக்கப் போன குடும்பத்தின் கதை. கணவனை இழந்த ரூத், அந்நிய நாட்டுப் பெண், தன் மாமியாரோடு பெத்லகேமுக்கு வந்து, அறுவடை வயலில் கதிர் பொறுக்கப் போகிறாள். பிள்ளைகளுக்குக் கதிர் பொறுக்குதல் என்றால் தெரியவில்லை. அறுவடை இயந்திரம் வந்தபின் பிறந்த பிள்ளைகள் அவர்கள். கிழவிகள் சொல்லத் தொடங்கினார்கள். கட்டுத் தூக்கிப் போனபின் வரப்போரத்தில் சிந்திய கதிரைப் பொறுக்கி முந்தானையில் கட்டி வருவது, அதை உரலில் குத்தி ஒருவேளைக் கஞ்சி காய்ச்சுவது, கண்டால் மேஸ்திரி விரட்டுவது எல்லாம் வந்தன. போவாஸ் என்ற நிலக்காரர் தம் ஆட்களை அழைத்து, அவள் பொறுக்கும்படி வேண்டுமென்றே சில கதிர்களைச் சிந்தவிடுங்கள் என்று சொன்ன இடம் வந்தபோது, ஒரு கிழவி, “இப்படி ஒரு பண்ணையாரை இந்தச் சீமையில நான் பார்த்ததில்லை” என்று சொல்லச் சிரிப்பு எழுந்தது.

சிரிப்பு அடங்கியபின் எட்டாம் வகுப்புப் படிக்கும் பெண்ணொருத்தி கேட்டாள்: “ஐயா, போவாஸ் நல்லவர், அதனால் பொறுக்க விட்டார். அவர் நல்லவராக இல்லாவிட்டால்? கதிர் பொறுக்குவது தருமமா, சட்டமா?”

இருபது பேரும் என்னைப் பார்த்தார்கள். சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள், ஏழைக்கும் பரதேசிக்கும் வயலின் ஓரத்தை விட்டுவிட வேண்டும் என்ற விதி லேவியராகமத்தில் இருக்கிறது என்றேன். அதிகாரத்தின் எண்ணைச் சொல்லவில்லை. அப்படியானால் அடுத்த வாரம் லேவியராகமம் என்று பிள்ளைகளே முடிவு செய்தார்கள். மறு சனிக்கிழமை அந்தப் பெண் பத்தொன்பதாம் அதிகாரத்தில் ஒரு காகிதத் துண்டைச் செருகி வைத்துக்கொண்டு, எல்லோருக்கும் முன்பாகவே வந்து உட்கார்ந்திருந்தாள்.